ஒருத்தர் இருக்கோணுமில்ல

ஏனுங்க, அந்தச் சன்னலோரத்தை எனக்குச் சித்த விட்டுக் குடுக்கறீங்களா? காத்துக்கு இல்லீங்க, செல்லுக்கு. உள்பக்கம் உக்காந்தா டவர் சரியாக் கெடைக்க மாட்டேங்குது. பல்லடத்துல ஏறுனதுலருந்து படிக்கட்டுகிட்டயே நின்னுட்டு வந்தனுங்க, கண்டக்டர் திட்டத் திட்ட. கரூர்ல கூட்டம் எறங்கவும்தான் உக்கார எடம் கெடச்சுது. நெம்ப சந்தோசமுங்க. நீங்க எது வரைக்கும்? நாமக்கல்லா? நானும் அங்கதான். பேச்சைப் பாத்தா திருச்சிப் பக்கமாட்டத் தெரியுது. நான் சொல்றது புரியாட்டிக் கேளுங்க, எங்க பேச்சு அப்படி.

ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. மொகத்தைப் பாத்துப் பேசாம கையில இருக்கறதையே பாத்துட்டிருக்கறானேன்னு தோணும். தொழில் அப்படிங்க. கறிக்கோழிப் பண்ணை வெச்சிருக்கறேன். கம்பெனிக்காரன் குஞ்சு கொண்டாந்து எறக்குவான், தீவனமும் அவனே குடுப்பான், வளத்துக் குடுக்கறது நம்ம பொறுப்பு. முன்னாடியெல்லாம் ரெண்டு பக்கமும் வலை கட்டுன ஷெட்டு. காத்து அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்குப் போகும். இப்ப நான் போட்டிருக்கறது மூடுன ஷெட்டுங்க. நாலு பக்கமும் அடைச்சு, இந்தக் கடைசியில ஆள் ஒசரத்துக்குப் பேனுக, அந்தக் கடைசியில தண்ணி ஓடற தட்டி. பேன் இழுக்க இழுக்க உள்ள ஜில்லுன்னு இருக்கும். ஆறாயிரம் உசுருங்க. கரண்டு போச்சுன்னு வெச்சுக்கங்க, இந்த வெயில்ல, ஒரு டீயைக் குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வெக்கறதுக்குள்ள அத்தனையும் வாயைப் பொளந்துரும். ஓடிப்போயி ஜெனரேட்டரைப் போட்டாகோணும். அதுக்கு ஒருத்தர் இருக்கோணுமில்ல?

அதுக்குத்தான் ஷெட்டுல ஒரு டப்பா மாட்டியிருக்குது. உள்ள சிம்மு போட்டது. கரண்டு போனா அதுவே இந்த நெம்பருக்குப் போன் பண்ணும். அதனால இந்த லைன் எப்பவும் காலியா இருக்கோணும். என்ற வூட்ல எல்லாருக்கும் தெரியும், எங்கிட்ட ஒரு நிமிசத்துக்கு மேல பேசக்கூடாதுன்னு. பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து படிச்சப்பக்கூட, "அப்பா, நல்லாருக்கறேன், சாப்புட்டேன், வெச்சர்றேன்." அவ்வளவுதான். நச்சு நச்சுன்னு பேசமாட்டா. நல்ல புள்ளைங்க.

அந்தப் பொண்ணோட பையனுக்குத்தான் இன்னைக்குத் தொட்டல், உங்க பக்கம் தொட்டில்ம்பாங்க, அது போடறாங்க. பேரும் இன்னைக்கே வெக்கறாங்க. அம்மாவைப் பெத்த அப்பனை எங்க பக்கம் அப்புச்சின்னு கூப்புடுவோம். பொண்ணுக்குக் கூடப் பொறந்தவன் இல்லீங்க, ஒத்தப் புள்ளை. தாய்மாமன் இல்லாத கொழந்தைக்கு இடுப்புல அரணாக்கொடி கட்டறது அப்புச்சி கைதான். பூரணி, பூர்ணிமான்னு பேரு, நாங்க பூரணின்னுதான் கூப்புடறது, அவ அவங்கம்மாகிட்டச் சொல்லி அனுப்பியிருக்கறா. "அப்பா வரட்டும். வந்து அவரு கையால கட்டட்டும், நான் எல்லாத்தையும் மறந்தர்றேன். இதுக்கும் வரலீன்னா எம் பையனுக்கு அப்புச்சி இல்லைன்னு நெனச்சு வளத்திக்கறேன்." பெத்த அப்பனுக்கு இப்படி ஒரு சொல்லுங்க. அதுவும் நேர்ல சொல்லலை. கொழந்தை பொறந்ததுலருந்து எங்கூட ஒரு வார்த்தை பேசறதில்லை. எனக்கு ராத்திரியில சோறு எறங்க மாட்டேங்குது. வெளிய சொல்லிக்கறதில்லை, அவ்வளவுதான்.

நான் அப்படி என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்? நீங்க வெளியாளு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

இருங்க, போன்... வூட்டுக்காரிங்க. "சொல்லு ருக்குமணி... கரூர் தாண்டியாச்சு... ம்... ம்... சரி, வெச்சர்றேன்." பஸ் ஸ்டாண்டுல மாப்பிள்ளை வண்டி கொண்டாந்து நிப்பாராமா. நல்ல நேரம் முடியறதுக்குள்ள வந்தரோணும்கறா. "நெசமா பஸ்ஸுலதான் இருக்கறீங்களா?"ன்னு வேற கேக்கறா. நம்பிக்கையே இல்லீங்க ஒருத்தருக்கும்.

மொதல்லருந்து சொல்றேன். அவ கல்யாணத்தையே நான் எப்படி நடத்துனேன்னு கேளுங்க. கோழியப் புடிச்சு லாரி ஏத்திட்டா, ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடிச்சு ஆறப்போடுவோம். அடுத்த குஞ்சு வர்ற வரைக்கும் சும்மா கெடக்கும். அந்த எடவெளியிலதான் முகூர்த்தம் வெச்சேன். ஜோசியர் வேற நாள் நல்லாருக்குதுன்னாரு. நான் கம்பெனி சூப்பர்வைசரைக் கேட்டுட்டுத்தான் ஜோசியர்கிட்டவே போனேன். கல்யாணத்தன்னைக்குக் காலையிலருந்து பந்தி முடியற வரைக்கும் மண்டபத்துலயே இருந்தனுங்க நான்! எந்தப் பண்ணைக்காரன் அப்படி இருப்பான்? பொண்ணை வண்டியேத்தி அனுப்பறப்பத்தான் இல்லை. குஞ்சு வண்டி ஒரு நாள் முந்திக் கெளம்பிருச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?

ஆனா பிரசவத்தை எடவெளியில வெக்க முடியுமா? அது அதோட நேரத்துக்குத்தான வரும்.

சம்பந்தி வூடும் கோழிதானுங்க. ஆனா அவிய முட்டைக்கோழி. வளைகாப்பு முடிஞ்சு, தலைப்பிரசவம் பொறந்த வூட்லன்னு கூட்டியாந்து விடறாங்க. மொறைதான். ஆனா அந்த நேரம் பாத்து அவிய பண்ணையில வெள்ளைக்கழிச்சல் நோவு வந்திருக்குதுன்னு எனக்குக் காதுல விழுந்திருச்சு. நம்ம ஷெட்டுல அப்பத்தான் எறக்குன பச்சைக் குஞ்சுக. வூடும் ஷெட்டும் ஒரே வளவுக்குள்ள. அந்த நோவு எதுல ஒட்டிட்டு வரும்னு சொல்ல முடியாதுங்க. செருப்புல வரும், சேலையில வரும், டயர்ல வரும். கொஞ்சம் அசந்தா மொத்த ஷெட்டையும் குழி வெட்டித்தான் மூடோணும்.

அதனால காரு கேட்டுகிட்ட வரவுமே ஸ்ப்ரேயரை முதுகுல மாட்டிட்டுப் போயி நிறுத்துனேன். டயர்க்கெல்லாம் மருந்து அடிச்சேன். எறங்குனவங்களை மருந்துத் தண்ணியில கால் நனைச்சுட்டு வரச் சொன்னேன். பொண்ணு இங்கயே தங்கப்போறவளாச்சே, அவளை மட்டும், "மோட்டார் ரூம்புல தண்ணி வாத்துட்டு, துணி மாத்திட்டு வூட்டுக்குள்ள வா அம்மிணி"ன்னேன். வெந்நி வெச்சுத்தானுங்க இருந்தேன்! பச்சைத் தண்ணியில குளின்னு சொல்ல நான் என்ன மனுசனில்லையா?

சம்பந்தி தொழில் தெரிஞ்சவரு, மொத ஆளாக் கால் நனைச்சுட்டு வந்தாரு. சம்பந்தியம்மாதான், "ஆரத்தி எடுக்கற எடத்துல மருந்து அடிக்கறாங்க, பாத்துக்க"ன்னு பக்கத்துல இருந்த நாத்தனார்கிட்டச் சொல்றாப்புல எல்லாத்துக்கும் கேக்கச் சொன்னாங்க. ருக்குமணி ஆரத்தித் தட்டைக் கையில வெச்சுட்டே நிக்கறா, கண்ணுல தண்ணி. அவளுக்கு எதுக்கெடுத்தாலும் கண்ணுல தண்ணிதான். பூரணி வயித்தைத் தாங்கிப் புடிச்சுட்டு மெல்ல நடந்து மோட்டார் ரூம்புக்குப் போனா. தண்ணி வாத்து, ஈரத் தலையோட வூட்டுக்குள்ள போயிட்டா. அன்னைக்கு ஆரத்தி எடுக்கவே இல்லை, மறந்துட்டாங்க.

சொல்லுங்க, இது தப்பா? அந்த பேட்சுல ஒரு குஞ்சுக்கு ஒரு நோவு வரலீங்க.

இதென்ன, டவர் கோடு ஒண்ணே ஒண்ணு காட்டுது... ஆ, வந்திருச்சு.

அப்புறம் வூட்லதான் இருந்தா. நல்லாத்தான் இருந்தா. பொழுதோட ஷெட்டுப் பக்கம் நடந்து வருவா, உள்ள வரமாட்டா, வெளிய நின்னு பேசுவா. பேன் சத்தத்துல பாதி கேக்காது எனக்கு. தலையை ஆட்டிக்குவேன். ஒரு நாள், "அப்பா, இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வாங்களேன். ஸ்கேன்ல கொழந்தை கை காலை ஆட்டறது தெரியுமாமா, நீங்களும் பாக்கலாம்"னா. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா அம்மாளும் பொண்ணும் போயிட்டா இங்க ஆரு? "ஒருத்தர் இருக்கோணுமில்ல கண்ணு?"ன்னேன். "தெரியுமுங்கப்பா. நான் சின்னப் புள்ளையா இருந்தப்பவே தெரியும். ஒருத்தர் இருக்கோணும். அது எப்பவும் நீங்கதான்"னு சொல்லிட்டுப் போயிட்டா. எனக்கு அன்னைக்குப் பூராவும் மனசு குளுகுளுன்னு இருந்துச்சுங்க. என்னதான் இருந்தாலும் பொண்ணுன்னா அப்பன் அருமை தெரியும் பாருங்க.

அந்த நாள் வந்துச்சு. மத்தியான நேரம். ஊருக்குள்ள ஒரு எழவு. ருக்குமணி போகமாட்டேன்னுதான் சொன்னா, புள்ளையத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னு. நான்தான், "டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் கெடக்குது, நாலு பேர் சாவுக்குப் போகாட்டி நம்ம சாவுக்கு ஆரு வருவாங்க, நான் இருக்கறேன்ல"ன்னு அனுப்பி வெச்சேன். அவ தலை மறைஞ்சது, கரண்டு போயிருச்சு.

ஓடிப்போயி ஜெனரேட்டரைப் போடறேன். ஓடுது, நிக்குது. ஓடுது, நிக்குது. டீசல் பைப்புல காத்துப் புடிச்சிருச்சுங்க. கையெல்லாம் டீசலு, திருகறேன், பம்பு அடிக்கறேன், நிக்குது. உள்ள கோழி அத்தனையும் றெக்கையை விரிச்சுட்டு இளைக்குது. அந்தச் சத்தம் கேட்டிருக்கீங்களா நீங்க? கேக்காதீங்க. மெக்கானிக்குக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு, அவன் திருப்பிக் கூப்புடுவான்னு பாத்துட்டிருக்கறேன், போன் அடிக்குது. பாத்தா பூரணி. வூட்டுக்குள்ளருந்து போன் பண்றா! லைனை அடைக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச புள்ளை. கட் பண்ணேன். மறுபடியும் அடிக்குது. மறுபடியும் கட் பண்ணேன். எனக்கு ஆத்தரமுங்க. இந்த நேரத்துல என்ன வெளையாட்டுன்னு.

கொஞ்ச நேரத்துல ஷெட்டுக் கதவுகிட்ட ஆள் வந்து நிக்கற மாதிரி இருந்துச்சு. நான் திரும்பக்கூட இல்லை. "மருந்துல கால் வெச்சியா?"ன்னேன். வாய்ப் பழக்கமுங்க அது. ஆரு வந்தாலும் வர்ற வார்த்தை. திரும்பிப் பாத்தா, நைட்டியெல்லாம் நனைஞ்சு, கதவுக் கம்பியை ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு நிக்கறா. "அப்பா, பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா."

எனக்கு நெஞ்சு தூக்கிப் போட்டிருச்சுங்க. பொய் சொல்லலை. பதறிப் போயி ஆம்புலன்சுக்குச் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்து வேலாத்தாளைச் சத்தம் போட்டுக் கூப்புட்டேன், அந்த அம்மா போட்ட வேலையைப் போட்டபடி ஓடியாந்துச்சு. நல்லவேளை, வண்டி சீக்கிரமா வந்திருச்சு. ஏத்தி விட்டோம். வேலாத்தாளையும் தொணைக்கு ஏத்துனேன். கதவைச் சாத்தப் போறப்ப, "அப்பா, ஏறுங்க"ன்னா. "அம்மா நேரா ஆஸ்பத்திரிக்கு வந்திருவா கண்ணு, நான் இதை ஓட விட்டுட்டுப் பின்னாடியே வந்தர்றேன்"னேன். "அப்பா, எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா"ன்னா. எனக்குந்தானுங்க பயமா இருந்துச்சு! உள்ள ஆறாயிரம் இளைக்குதே!

பின்னாடியே போகலாம்னுதான் இருந்தேன். மெக்கானிக் வந்து சரி பண்ணப் பொழுது உழுந்திருச்சு. அப்புறமும் கரண்டு வர்றதும் போறதும். நான் போயிச் சேந்தது அடுத்த நாளுங்க. ருக்குமணி மடியில கொழந்தை தூங்கிட்டிருந்தான். என்ற மூக்கு அப்படியே. பூரணி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. கூப்புட்டேன், திரும்பலை. அசதியா இருக்கும், தூங்கட்டும்னு வந்துட்டேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? இப்ப என்ன கெட்டுப் போச்சு? தாயும் நல்லாருக்கறா, புள்ளையும் நல்லாருக்குது. நான் போயிருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பேன்? பிரசவம் பாக்கறது டாக்டரு. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன். அந்தப் பெஞ்சுல நான் உக்காந்திருந்தா இங்க அத்தனையும் செத்து வெறைச்சிருக்கும். கம்பெனி சூப்பர்வைசர் வந்து என்ற கையைப் புடிச்சுட்டு, "இந்தச் சுத்துவட்டாரத்துலயே உங்களாட்ட ஆளு கெடையாதுங்க"ன்னாரு. அதை ருக்குமணிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவ பாதியிலயே வெச்சுட்டா.

அப்புறம் நடந்ததுதானுங்க எனக்குப் பொறுக்கலை. ஆஸ்பத்திரியிலருந்து பொறந்த வூட்டுக்குத்தான கூட்டியாரோணும்? நான் வாசலெல்லாம் கழுவி, சாம்பிராணி வாங்கி வெச்சுட்டுக் காத்திருக்கறேன். அவ நேரா நாமக்கல்லுக்குப் போயிட்டா. ருக்குமணியும் கூடவே போயிட்டா. பொண்ணு குடுத்த எடத்துல போயி உக்காந்துட்டுப் பத்தியச் சமையல் பண்றா. ஊரே கேக்குது, "என்னங்க, பேரனை இன்னும் கண்ணுல காட்டலையே"ன்னு. நான் என்னன்னு சொல்லுவேன்? தனியாச் சோறாக்கித் தின்னுட்டுக் கெடக்கறேன். மருந்து அடிச்சதையும் போனைக் கட் பண்ணதையும் ஒண்ணு சேத்து வெச்சு என்னை ஒரு ராட்சசன் ஆக்கிட்டாங்க.

இப்ப பண்ணையில ஆரு இருக்கறாங்கன்னு கேக்கறீங்களா? என்ற மச்சான். ருக்குமணிக்கு அண்ணன், தெய்வசிகாமணி. நூல் மில்லுல பிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரா வந்து, "மாப்ள, நீங்க போயிக் கொழந்தைக்குக் கட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்"னு சொன்னாரு. நல்லவருதான். ஆனா நெதானம்னா அப்படி ஒரு நெதானமுங்க. அவரு சட்டைக்குப் பட்டன் போடறதைப் பாத்துட்டிருந்தா நமக்குப் பசி எடுத்துக்கும். கெளம்பற வரைக்கும் சொல்லிச் சொல்லித்தான் வந்தேன், கரண்டு போனா ஓடோணும் மச்சான், நடக்கக் கூடாதுன்னு. சிரிக்கறாரு. அந்தச் சிரிப்பப் பாத்துத்தான் எனக்கு...

இருங்க. போன்.

டப்பாங்க. டப்பா கூப்புடுது. கரண்டு போயிருச்சு.

மச்சானுக்கு அடிக்கறேன். ரிங்கு போகுது... போகுது... எடுக்கலை. எடுக்கலீங்க! மறுபடியும் அடிக்கறேன். இதென்ன, காவேரிப் பாலம் வந்திருச்சா? பாலத்து மேல டவர் போயிருமே! ரிங்கு போகுது... எடுங்க மச்சான், எடுங்க. நான் சொன்னேன்ல, சொன்னேன்ல உங்ககிட்ட! ஓட மாட்டாரு. மெல்ல எந்திரிச்சு, வேட்டியச் சரி பண்ணி, செருப்பத் தேடி... வெளிய பாருங்க எப்படிக் கொளுத்துதுன்னு. இந்நேரம் பேன் நின்னு போயி, உள்ள சூடு ஏறிருக்கும். ஓரத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி விழுகும். சாமி, உங்க செல்லைக் கொஞ்சம் குடுங்க. என்றது காலியா இருக்கோணும், அவரு திருப்பிக் கூப்புட்டா? கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு போன். நெம்பரு மனப்பாடம்... ரிங்கு போகுது...

"அலோ! மச்சான்! நான்தான்! ஆரு போனா இருந்தா என்ன, அதை விடுங்க! கரண்டு போச்சே, ஜெனரேட்டரைப் போட்டீங்களா?... என்ன?... ஓடுதா? பேனு? எல்லாப் பேனுமா?... எப்பப் போட்டீங்க?... போடலையா? போடாம எப்படி ஓடும்?... என்னது? ஆரைக் கேட்டு மாத்துனீங்க அதை?... வாசர் தேஞ்சிருந்துச்சா? அதையும் மாத்திட்டீங்களா?... சாப்புட்டுட்டு இருக்கறீங்களா! கை கழுவிட்டு எடுக்கறதுக்குள்ளன்னா, கரண்டு போனப்பவும் எந்திரிக்கலையா நீங்க?... சரி. சரி. வெக்கறேன்."

இந்தாங்க உங்க செல்லு.

ஓடுதாமுங்க. தானா ஓடுதாமா. மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வந்தப்ப ஜெனரேட்டருக்கு ஒரு பேனல் வாங்கியாந்து மாட்டி விட்டாரு. அவிய பண்ணையில இருக்குதாம். கரண்டு போனா ஆள் இல்லாமயே அதுவா ஓடும், கரண்டு வந்தா அதுவா நின்னுக்கும். "இனி நீங்களும் அத்தையும் சேந்தே ஊருக்கு வரலாம் மாமா"ன்னாரு. பூரணி சொல்லித்தான் வாங்குனாராம். அவ மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம் அன்னைக்கு. நான் அவங்க காரு கேட்டைத் தாண்டறதுக்குள்ள சுச்சை மாத்திக் கையில போடற பக்கமே வெச்சுட்டேன். மெசினை நம்பி உசுரை விட முடியுங்களா? மச்சான் நேத்து நான் அந்தப் பக்கம் திரும்பவும் அதைத் தட்டி விட்டிருக்கறாரு. பைப்புல தேஞ்சு போன வாசரையும் மாத்திட்டாராமா, அதுனாலதான் அன்னைக்குக் காத்துப் புடிச்சுதாமா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.

சிரிக்கறீங்க. நல்லதுதானேன்னு கேக்கறீங்க. நல்லதுதான். கோழி அத்தனையும் நல்லாருக்குது. நல்லதுதானுங்க. ஆனா பதினோரு வருசமா அந்த ஜெனரேட்டர் பக்கத்துல கட்டில் போட்டுப் படுத்திருக்கறேன். காச்சல்ல படுத்திருக்கறேன், எங்கம்மா செத்த அன்னைக்குப் படுத்திருக்கறேன். அது தானா ஓடுதாம், இவரு சோத்தைப் பெசைஞ்சு தின்னுட்டு இருக்கறாராம். அப்ப நான் ஆருங்க?

இல்லீங்க. தானா ஓடறது தானா நின்னு போனா? மச்சான் சாப்புட்டுப் படுத்துக்குவாரு. மெசின் ஓடும்னு அசந்துருவாரு. அசதிதான் ஆளைக் கெடுக்கும். அந்தச் சுச்சு அப்படியே இருந்தா என்னால அங்க உக்காந்து ஒரு வாய் சோறு திங்க முடியாது. தொட்டலைப் பாத்துட்டுக் காதை இந்தப் போன்லதான் வெச்சிருப்பேன். அதுக்கு அங்க இருந்து என்ன, இல்லாம என்ன?

கண்டக்டர்! ஏனுங்க கண்டக்டர், பாலம் தாண்டுனதும் வர்ற வேலூர்ல நிறுத்துங்க, நான் எறங்கிக்கறேன். நாமக்கல் டிக்கெட்டுதான், தெரியுமுங்க, பரவால்ல.

கையப் புடிக்காதீங்க. இன்னும் அரை மணி நேரந்தானேங்கறீங்க, எனக்குத் தெரியாதா? அரை மணி நேரம் போறதுக்கு, அங்க சீரு, சாப்பாடு, பேச்சு வார்த்தை, திரும்பி வர்றதுக்குள்ள பொழுதே போயிரும். இங்க எறங்குனா எதுத்தாப்புல கரூர் பஸ்ஸு.

ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. மேல கம்பியில ஒரு கட்டைப்பை இருக்குது பாருங்க, அதை எடுங்க. தொட்டல் சேலை இருக்குது, கொழந்தைக்குச் சொக்காய் இருக்குது, அடியில துணியில சுத்தி வெள்ளி அரணாக்கொடி இருக்குது. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல மாப்பிள்ளை நிப்பாரு, நவீன்குமார்னு பேரு, நல்லாப் பெரிய ஆளு, கண்ணாடி போட்டிருப்பாரு. பல்லடத்துலருந்து அவரு மாமனார் குடுத்துவுட்டாருன்னு குடுத்துருங்க. உங்க பேரெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. மொகத்தைப் பாத்தாத் தெரியாதா? எதையும் நம்பிக் குடுக்கலாம் உங்ககிட்ட.

என்ன சொல்றதுன்னா, பண்ணையில அவசரம்னு சொல்லுங்க. அடுத்த எடவெளியில கண்டிப்பா வர்றேன்னு சொல்லுங்க. பூரணி ஒண்ணும் கேக்க மாட்டா. கேட்டாலும்... கேக்க மாட்டா.

நல்ல நேரம் போகுது, கட்டறதுக்கு ஆள் இல்லைன்னு நின்னாங்கன்னா நீங்களே கட்டி விட்டுருங்க. உங்களுக்கும் என்ற வயசுதான இருக்கும்? கொழந்தைக்கு என்ன தெரியப் போகுது, ஆரு கை பட்டாலும் சிரிக்கும். ஆனா இறுக்கிக் கட்டீராதீங்க. வெரல் போற அளவுக்கு விட்டுக் கட்டோணும், தொப்புள் பக்கம் ஒரசக் கூடாது. பூரணிக்கு நான்தான் கட்டுனேன், அழுகவே இல்லை அவ.

வர்றனுங்க. பாத்துப் போங்க. அங்க ஆராச்சும் அப்புச்சி வந்தாரான்னு கேட்டா, வரலைன்னு மட்டும் சொல்லீராதீங்க. வேலூர் வரைக்கும் வந்தனில்லீங்க?